மூன்றாவது கூம்பு

பானெவெஜிஸ் நகரில் பிப்ரவரி.
உள்ளரங்கின் கூரைப்பனி உருகி
ஒரு வாளிக்குள் சொட்டிக்கொண்டிருக்கிறது.
நாற்பத்தோரு பையன்கள், பதினொரு வயது.
கூடைப்பந்துப் பள்ளிக்குப் பன்னிரண்டு பேர் போதும்.

என்னிடம் ஒரு விசில், நிறுத்துக் கடிகாரம்,
ஏழு கட்டம் போட்ட தாள்.
நின்றால் எவ்வளவு, உட்கார்ந்தால் எவ்வளவு,
கை விரித்தால் எவ்வளவு,
பெற்றோர் எத்தனை உயரம்.
பிறகு பந்து:
முப்பது நொடி சுவரில் எறிந்து பிடி,
இடக்கையால் கூடையில் போடு,
ஆறு கூம்புகளுக்கு நடுவே
தட்டிக்கொண்டு போய் வா.

எல்லோரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் என்கிறது தாள்.
ஜனவரி மூன்றில் பிறந்த எய்மன்தாஸுக்கு
மேலுதட்டில் நிழல் விழுந்துவிட்டது.
டிசம்பர் இருபத்தெட்டில் பிறந்த வாகரிஸுக்கு
விழுந்த பல் இன்னும் முளைக்கவில்லை.
ஒரே கோட்டில் நிற்கிறார்கள்.
ஒரே விசில்.

விளையும் பயிர் முளையிலே தெரியுமாம்.
இங்கே ரை விதைத்தால்
பனிக்கு அடியில் மாதக்கணக்கில் மூடிக்கிடந்து
ஏப்ரலில் எட்டிப்பார்க்கும்.
அப்போது அதுவும் களையும் ஒரே பச்சை.
சொன்னவர் எந்த மாதத்தில்
வரப்பில் வந்து நின்றாரோ.

வாகரிஸை வரிசையில் வைத்தே கவனித்தேன்.
வலக்கையில் பாதி கடித்த ஆப்பிள்.
இடக்கை பாட்டுக்குப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தது,
தூங்கும் நாயை எழுப்பாமல் தடவுகிற மாதிரி,
அவனோ பக்கத்துப் பையனோடு
ஏதோ கடன் பாக்கிக்காகச் சண்டை.
ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினால் கணினி படிக்காது,
அல்கிமந்தாஸ் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

அவன் முறை வந்தது.
ஒன்று, இரண்டு, அழகு.
மூன்றாவது கூம்பில் பந்து கையைவிட்டுப் போய்
வாளியில் மோதி நின்றது.
ஓடி எடுத்துவந்து முடித்தான்: பதினைந்து புள்ளி இரண்டு.
எனக்கு எழுதத்தான் கை இருந்தது. எழுதினேன்.
பத்தொன்பதாவது இடம்.
ஆப்பிளின் மிச்சத்தை
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான்.

ஆறு மணிக்குப் பட்டியலை அனுப்பியாகிவிட்டது.

கூம்புகளை அடுக்குமுன்
ஏன் என்று தெரியாது,
நானும் ஒருமுறை போய்ப் பார்த்தேன்.
என் முழங்கால் இருபது வருடமாகச் செய்யாத வேலை.
ஒன்று. இரண்டு.
மூன்றில் பந்து எழவில்லை.
தரை அதை விழுங்கி
பாதியைத்தான் திருப்பிக் கொடுத்தது.

மண்டியிட்டு விரல்முட்டியால் தட்டினேன்.
மற்ற பலகைகள் டக் டக் என்றன.
இது, ஊறிய ரொட்டி.
போன குளிர்காலம் வாளி இருந்தது
இந்த இடத்தில்தான்.

ஓங்கி அறைந்து தட்டியவர்களின் பந்து
எப்படியோ எழும்பிவிட்டது.
கண்ணைக் கீழே வைத்திருந்தவர்கள்
எட்டிப் பிடித்துவிட்டார்கள்.
மெல்லத் தொட்டு
தரையை நம்பிப் போனவன்
ஒருவன்.
ஒருவன்தானா?
தாளைத் திருப்பிப் பார்க்கிறேன்.
எண்கள் அதைச் சொல்வதில்லை.

அல்கிமந்தாஸை அழைத்தேன்.
அந்தப்பக்கம் கரண்டிச் சத்தம், சூப் குடிக்கிறார்.
"எல்லோருக்கும் அதே பலகைதானே, தைவா" என்றார்.
ஆமாம், எல்லோருக்கும் அதே பலகை.
மறுத்துச் சொல்ல
எனக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

நாளைக்கு ஒரு வயது சின்னவர்கள் வருகிறார்கள்.
மூன்றாவது கூம்பை ஒரு கை தள்ளி வைத்தேன்.
நீல டேப்பைப் பல்லால் கிழித்து
அந்தப் பலகையில் குறுக்கே ஒட்டினேன்.
வாளி நிரம்பியிருந்தது, கொட்டினேன்.

வாகரிஸின் படிவத்தில் ஒரு தொலைபேசி எண்.
அவனே எழுதியிருக்கிறான் போல,
கடைசி இலக்கம் ஒன்றா ஏழா, புரியவில்லை.
முதலில்
ஒன்று போட்டுப் பார்க்கிறேன்.