பனி கழித்த எடை

சாயல்குடியிலிருந்து மூக்கையூர் போகிற சாலையில்
கடல் தெரியாமல் சத்தம் மட்டும் வருகிற இடத்தில்
இரண்டே கால் ஏக்கர், குத்தகைக்குப் பிடித்தது.
ஐப்பசியில் ஊன்றினேன்.
மூன்று மழை என்றார்கள், ஒன்றரை வந்தது.
அரை மழை எது என்று கேட்காதீர்கள்.
வரப்புக்கு அந்தப் பக்கம் பெய்தது.

செடி முழங்காலோடு நின்றுகொண்டது.
ஆனாலும் பூத்தது.
முதல் நாள் மஞ்சள், மறுநாள் ரோஸ்,
அப்புறம் பாதி தரையில்.
மிச்சம் பிடித்த காயில் புழு தன் பங்கைக்
கேட்காமல் எடுத்துக்கொண்டது.
நிலத்துக்காரர் கேட்டு எடுப்பார்.
அவ்வளவுதான் வித்தியாசம்.

வெடிப்பு பிந்திப்போய்ச் சித்திரையில் வந்தது.
மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில்.
எடுப்புக்கு ஆள் தேடிப் போனேன்.
செங்கோல்மேரி ஐந்து பெண்களைக் கூட்டிவந்தாள்,
கூடவே புருஷன் ராயப்புவையும்.
'போட்டு ஏறாத மனுசனை
வீட்டுல வச்சுக்கிட்டு என்ன செய்ய?'

அவனுக்கு மடி கட்டத் தெரியவில்லை.
அவளே தன் பழைய சேலையை
அவன் இடுப்பில் சுற்றி முடிந்துவிட்டாள்.
நிரை முழுக்கச் சிரிப்பு.
ஆனால் வலைச் சிக்கு எடுத்துப் பழகிய விரல்கள்.
சருகு நொறுங்கவில்லை,
சப்பை ஒட்டவில்லை,
நாலு சுளையும் ஒரே இழுப்பில் வந்தன.
மூன்றாவது நிரையில் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கும் மேரிக்கும் சண்டை நேரத்தில்தான்.
அவர்கள் ஐந்தரைக்கே வயலில் இறங்குவார்கள்,
விடிவெள்ளி இருக்கும்போதே.
பனி காயட்டும், எட்டு மணிக்கு வாங்க என்றேன்.
'எட்டு மணி வெயில்ல நீ குனிவியாக்கா?'
குனிய மாட்டேன்தான்.
அவள் சொல்லாமல் விட்டதும் எனக்குத் தெரியும்:
கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் கூலி,
நனைந்த பஞ்சு நிறுவையில் நிற்கும்.

கமிஷன் கடையில் ஜெகநாதன்
தாட்டுக்குள் முழங்கை வரை கையை விட்டார்.
ஒரு சுளையை எடுத்துக்
கன்னத்தில் ஒட்டிப் பார்த்தார்.
'தாட்டுக்கு மூணு கிலோ ஈரம்.'
மூட்டை இறக்க வந்த ராயப்பு
வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லை.
'மீனுக்கு ஐஸ் தண்ணின்னு கழிப்பாங்க.
பஞ்சுக்குமா அண்ணாச்சி?'
'கடலோரப் பஞ்சு அப்படித்தான்ப்பா.
பகல்ல காயும், ராத்திரி குடிச்சிரும்.'

அவர் பொய் சொல்லவில்லை.
அதுதான் எனக்குக் கோபம்.
கொண்டல் காற்று ராத்திரி முழுக்க
என் வயலில் ஏறி இறங்குகிறது.
உதட்டை நக்கினால் உப்பு.

பஸ்ஸில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.
பதினோரு தாட்டு, முப்பத்து மூன்று கிலோ.
அத்தனைக்கும் கூலி கொடுத்திருக்கிறேன்.
கடலைக் கிலோ பன்னிரண்டு ரூபாய்க்கு
நான் வாங்கியிருக்கிறேன்.
விற்கத்தான் முடியவில்லை.

கூலியில் பிடிக்கலாம் என்று நோட்டைத் திறந்தேன்.
மேரி பேனாவைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.
கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்து எழுதி,
அடித்து, திரும்பப் பன்னிரண்டே போட்டேன்.
பெருந்தன்மை இல்லை.
இரண்டாம் எடுப்புக்கு ஆள் வேண்டுமே.

இரண்டாம் எடுப்பில் ராயப்பு
பழைய வலை ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தான்.
நாலு கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டி
நெத்திலி காயப்போடுவது மாதிரி
பஞ்சைப் பரப்பினான்.
மேலே வெயில், கீழே காற்று.
நிறுத்தது இரண்டு தரம்,
பனியோடு ஒன்று, பனி போய் ஒன்று.
நடுவில் விழுந்த எடைக்கு
பாதிக் கூலி என்றாள் மேரி.
முக்கால் என்று ஆரம்பித்து அங்கே வந்திருந்தாள்.
சரி என்றேன்.

இன்றைக்கு ஜெகநாதனின் கை
தாட்டுக்குள் போய்த் திரும்பி வந்திருக்கிறது.
ஈரம் என்று சொல்லவில்லை.
விரல் நுனியில் ஏதோ மினுங்குகிறது.
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்,
மூக்கருகே கொண்டுபோகிறார்.

ஒரு மீன் செதில்.

ராயப்பு லாரிக்குப் பின்னால் போய்விட்டான்.
இதற்கு எத்தனை கிலோ கழிப்பார் என்று
நான் தராசையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.