சோதனை ஓட்டம்

இருநூற்றைம்பது குதிரைகள் என்றேன்.
"தீனிச் செலவு யாருது?" என்றாள் லொரேன் பிகெட்.
ஹாய்ட் சிரிக்கவில்லை. அவள் கணவன்
பனிமூட்டத்துக்குள் அப்போதே பறந்துகொண்டிருந்தான்.

கன்டர்ஸ்வில் ஏரி, மார்ச், காலை ஆறரை.
விசையை மிதித்தேன்.
மூக்கு வானம் பார்த்துப் பின் படிந்தது.
அடிவயிற்றில் ஒரு முழம் நீரைத் தொட,
மீதிப் படகு காற்றின் சொத்து.
எழுபத்திரண்டு மைல்.
கண்ணீர் காதுவரை ஓடியது.
ஹாய்ட்டின் தொப்பி போயே போய்விட்டது.

"இதுதான்" என்றான்,
கையெழுத்துக்கு விரல் துறுதுறுக்க.

அவள் இஞ்சினை நிறுத்தச் சொன்னாள்.
காலணியைக் கழற்றிவிட்டு முன்தளத்தில் மண்டியிட்டு
ஒவ்வொரு மூடியாகத் திறந்து மூடினாள்.
தூண்டில் பெட்டி. மீன் தொட்டி. பேட்டரி.
கடைசி மூடி டப்பென்றது.

பத்தடி தள்ளி, பாசிக்கு மேலே
ஒரு சுழி எழுந்து கலைந்தது.
நல்ல பாஸ்தான்; நாலு கிலோவாவது இருக்கும்.
மூவரும் பார்த்தோம்.

"போய்ச்சேர அஞ்சு நிமிஷம்.
அங்கே நிற்கப்போறது எட்டு மணி நேரம்.
நிற்கத் தெரிந்த படகு இருக்கா?"

பன்னிரண்டு வருடமாக விற்கிறேன்.
வேகத்துக்கு என்னிடம் வாய் உண்டு.
நிற்பதற்கு
ஒரு வாக்கியம்கூடக் கைவசம் இல்லை.

திரும்பும் வழியெல்லாம் தொப்பியைத் தேடினோம்,
நடக்கிற வேகத்தில்.
கிடைத்ததை ஹாய்ட் பிழிந்து
ஈரத்தோடு மாட்டிக்கொண்டான்.
"யோசிச்சுச் சொல்றோம்" என்றாள் அவள்.

அன்று மாலை கதவடைத்த பிறகு
வரிசையில் நின்ற பதினோரு படகுகளிலும் ஏறி
மூடிகளை மூடிப் பார்த்தேன்.
ஆறு, டப்பென்றன.