ஏழாம் லயத்தில் ஒரே இரவு

விரலிடுக்கில் முதலில் ஒரு கோடு.
மயிரளவு. சாம்பல் நிறம்.
டோர்ச் அடித்துப் பார்த்தேன்:
கண்ணுக்குத் தெரியாத ஒன்று
என் தோலுக்குள் காணி பிடித்து
காம்பரா கட்டி
குடியும் குடித்தனமுமாய் இருக்கிறது.
ஏழு பேர்ச்சுக்குப் படிவம் நிரப்பிய நாங்கள்
இன்னும் உறுதியைக் கண்ணில் காணவில்லை.

பகலில் சும்மா கிடக்கும்.
கம்பளிக்குள் உடம்பு சூடேறியதும்
வேலைக்கு இறங்கும். இரவுப் பெரட்டு.
கிரிஷாந் தூக்கத்திலேயே சொறிவான்,
சின்னவள் சொறியத் தெரியாமல் அழுவாள்.
பிள்ளை மடுவத்தில் சொல்லிவிட்டார்கள்:
"ஆறும்வரை கொண்டுவர வேண்டாம்."
பிள்ளை வீட்டிலென்றால் நானும் வீட்டில்.
நான் வீட்டிலென்றால் பேர் இல்லை.

டிஸ்பென்சரியில் கொடுத்தது ஒரே டியூப்.
ஐந்து உடம்புக்கு அது
கழுத்திலிருந்து முழங்கை வரை.

வேம்பு இந்தக் குளிரில் பிடிக்காது.
எழுபத்தேழில் கிளிநொச்சிக்குப் போன
சித்தப்பா வீட்டு முற்றத்தில் நிற்கிறது.
போன் போட்டேன்.
மூன்றாம் நாள் அட்டன் ஸ்டாண்டில்
உரப்பை நிறைய இலை,
பஸ் சூட்டில் பாதி வாடி,
கசப்பு மட்டும் வாடாமல்.

குப்பைமேனி இங்கேயே உண்டு.
கக்கூஸுக்குப் பின்னால், கானோரம்,
பூனை மோந்து புரளும் இடத்தில்.
பேரைப் பார்: குப்பையும் மேனியும்.
பறித்து, உப்புக்கல் வைத்து,
மஞ்சளோடு அம்மியில் அரைத்துப் பூசினேன்.
துணியெல்லாம் கொதிநீரில்.
வெயில் பத்து நிமிடம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு
பெக்டரிப் பக்கம் போய்விட்டது.

எட்டாம் நாள் மறுபடி கோடு.

அன்றிரவுதான் சுவரைக் கேட்டேன்.
கூரை வரை எட்டாத சுவர்.
அந்தப் பக்கம் பூரணம் வீட்டில்
நகம். நகம். நகம்.
பீலியில் வாளியைத் தட்டிவிட்ட சண்டையில்
பதினாலு மாதமாய் அவளோடு பேச்சில்லை.
பிள்ளைகள் பேசும்; ஒரே டயரை உருட்டும்.
பூச்சிக்கும் அந்தச் சண்டை தெரியாது.

விடிந்ததும் புது விழுதை
வாழையிலையில் ஏந்திக்கொண்டு
அவள் இஸ்தோப்பில் நின்றேன்.
"உனக்கும் இருக்கா?" என்றேன்.
கையைப் பின்னால் மறைத்தாள்.
நான் என் கையை நீட்டினேன்,
விரலை விரித்து.
பார்த்தாள்.
பிறகு அவளும்.

சனிக்கிழமை இரவு
பத்துக் காம்பராவும் ஒன்றாய்ப் பூசினோம்.
அண்டாவில் மிச்ச வேப்பிலை வெந்தது.
மாணிக்கராஜா மட்டும் "எனக்கு ஒண்ணுமில்ல" என்றான்;
அவன் பெண்சாதி சட்டையைப் பிடித்திழுத்து
முதுகில் அப்பினாள்.
அழுதுகொண்டிருந்த பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள்.
கம்பளியெல்லாம் ஒரே தடவையில் கொதிக்க,
மூட ஒன்றுமில்லாமல்
பழஞ்சேலை சுற்றி நடுங்கினோம்,
கொழுந்தின் நிறத்தில்.

ஒரு மணிக்கு விழித்தேன்.
சுவருக்கு அப்பால் சத்தமில்லை.
கேட்டுக்கொண்டே கிடந்தேன்.
"தூங்கலியா?" என்றது சுவர்.
என் சுண்டுவிரல் மட்டும்
இன்னும் கொஞ்சம் அரித்தது.
சொல்லவில்லை.