ஐம்பத்தைந்து நிமிடம்

டொலிடோவில் ஜனவரி.
விடிய இன்னும் இரண்டரை மணி நேரம்.
வேன் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்ட
காலாவதியான நூலக அட்டைதான் தோது.

எனக்குத் தந்த தாளில் இவ்வளவுதான்:
ஒடெட் க்ரான்ஸ்டன். ஏழாம் வகுப்பு.
ஏற்றும் இடம்:
அடித்து எழுதி, அதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி,
அதையும் அடித்து எழுதியிருக்கிறது.
இறக்கும் இடம்:
ஃபியர்ன் தெரு நடுநிலைப் பள்ளி.
அதில் ஒரு கீறல் இல்லை.

செப்டம்பரில் நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல், அறை பதினொன்று.
அவள் அம்மா திரையை விலக்கிக் கையசைப்பாள்,
எனக்கும் சேர்த்து.
அக்டோபரில் அம்மாவின் சிநேகிதி வீட்டு சோஃபா.
அதன்பின் ஒரு புதன்கிழமை அதிகாரிகள் வந்தார்கள்.
பிறகு ப்ரூவிட் தம்பதி வீடு, ஆறு வாரம்.
இப்போது ஆற்றுக்கு அப்பால்,
தெருவிளக்கு முடிந்து
வெட்டிய சோளத்தட்டை தொடங்குகிற இடத்தில்
யாரோ நல்லவர்கள்.
நல்லவர்கள்தான். எனக்கும் ஒரு கோப்பை காப்பி தருகிறார்கள்.

படுக்கை எங்கே போனாலும்
பள்ளி கூடவே போகவேண்டியதில்லை என்று
சட்டம் இருக்கிறதாம். வண்டிச் செலவும் அதில் அடக்கமாம்.
நான் சட்டம் படித்தவனில்லை.
கியர்பாக்ஸ் ஆலை மூடியபின் வேன் ஓட்ட வந்தவன்.
சட்டத்தின் நான்கு டயருக்கும் காற்றடிப்பவன்.

வழியில் அவள் அதிகம் பேசுவதில்லை.
ஒருநாள் மட்டும் சொன்னாள்:
நான்காம் வகுப்பு மூன்று பள்ளியில் படித்தாளாம்.
இலை எப்படிச் சமைக்கிறது என்று
மூன்று முறை சொல்லிக்கொடுத்தார்களாம்.
பின்னம் மட்டும்
அவள் வருவதற்கு முந்தின வாரமே
எல்லா இடத்திலும் முடிந்துபோயிருந்ததாம்.

மடியில் கிளாரினெட் பெட்டி.
மூடியில் 'பள்ளிச் சொத்து' என்று முத்திரை.
பள்ளி மாறினால் திருப்பித் தரவேண்டும்.
அலமாரி இருநூற்றுப் பதினான்கையும்தான்.
அந்த ஒரு கதவுக்குத்தான்
எண்கள் அவளிடம் இருக்கின்றன.

போன செவ்வாய் கூட்டம் போட்டார்கள், பள்ளி நூலகத்தில்.
பிள்ளையின் நலன் குறித்து ஆறு பேர்.
பிள்ளை வெளியே பெஞ்சில்.
புதிய வீட்டுக்குப் பத்து நிமிடத்தில் நல்ல பள்ளி இருக்கிறது,
பயணம் ஒரு மணியைத் தாண்டினால்
அவள் தூக்கம் கெடும், படிப்பு கெடும் என்றார் ஒருவர்.
அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.
அதுதான் சங்கடம்.
பள்ளித் தொடர்பாளர் மிஸ் ஓய்லர் என்னை உள்ளே கூப்பிட்டார்.
"கிளெட்டஸ், சரியாக எவ்வளவு நேரம் ஆகிறது?"

எழுபத்திரண்டு.
பனி கொட்டினால் எண்பது.
கேட்டில் சரக்கு ரயில் நின்றால்
கடவுளுக்கே தெரியாது.

"ஐம்பத்தைந்து" என்றேன்.

மிஸ் ஓய்லர் பேனாவைத் தூக்கியபடி
என்னையே சற்று நேரம் பார்த்தார்.
பிறகு எழுதிக்கொண்டார்.

நான் செய்தது சரியா என்று
ஜன்னலில் தலை முட்ட முட்ட
அவள் தூங்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.
ஒரு தலையணை வாங்கிப் போட்டிருக்கிறேன்.
அது பதில் இல்லை.

இன்று காலை ஏறினவுடன் கேட்டாள்:
"ஐம்பத்தைந்து என்றீர்களாமே?"
"ம்."
சீட்பெல்ட்டைக்கூட மாட்டாமல்
முன்னால் எட்டி
வேனின் கடிகாரத்தைப்
பதினேழு நிமிடம் பின்னுக்குத் தள்ளினாள்.
ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்தாள்.

கேட்டில் சிவப்பு விளக்கு.
தானியப் பெட்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக,
அவசரமே இல்லாமல்.
எழுபது வரை எண்ணி விட்டுவிட்டேன்.
கண்ணாடியில் பார்த்தேன்:
கிளாரினெட்டின் நாணல் பட்டையை
நாக்கில் வைத்து நனைத்துக்கொண்டிருக்கிறாள்.
முதல் பீரியட் இசை.
காய்ந்த நாணல் பேசாதாம்.