டோனர்

நாற்பத்தோராம் பக்கத்தோடுதான் முதலில் வந்தான்.
புத்தகம் அவனுடையதல்ல,
கட்டாரிலிருந்து லீவில் வந்த மச்சானுடையது.
ஹஜ்ஜுப் பெருநாள் முடிய
அதுவும் விமானம் ஏறிவிடும்.
முழுசாகக் கொப்பி எடுக்கக் காசில்லை.
விளையாட்டில் எந்த இடத்தில் செத்தானோ
அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவான்.
பக்கம் ஐந்து ரூபா.

அக்கரைப்பற்று பஸ் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் கடை.
அடையாள அட்டை, உர மானியப் படிவம்,
ஓ எல் கடந்தகால வினாத்தாள்,
இவ்வளவும்தான் அந்தக் கண்ணாடியில்
படுத்தெழும்பும்.
அதில் ஒருநாள்
சிறகு முளைத்த பாம்பு படுத்தது.

"ராத்தா, கொஞ்சம் வெளிச்சமா எடுங்க."

பெயர் நுஸ்கி. பதினேழு வயது.
பிறப்புச் சாட்சிப் பத்திரமும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

குகைப் பக்கமென்றால் மெஷின் மையைக் குடிக்கும்.
மீராலெப்பை முதலாளி வந்து
"இதென்ன புள்ள, மூணு கிழமைல டோனர் முடியுது" என்பார்.
அடையாள அட்டைதான் அதிகம் என்பேன்.

பழுதாய்ப் போன கொப்பிகளை எறியவில்லை.
பின்பக்கத்தில் ரீலோட் கணக்கு எழுதினேன்,
முன்பக்கத்தை வாசித்தேன்.
தவளை ராசாவிடம் வாளோடு போகக்கூடாது.
பாலத்துக் காவல்காரன் உப்புக்குத்தான் வழிவிடுவான்.
எட்டாம் நிலை வருமுன் கடலில் இறங்காதே.
(எங்கள் ஊரில் அதைப்
புத்தகம் போட்டுச் சொல்லத் தேவையில்லை.)

கடை பூட்டுமுன் கிடைக்கும் முக்கால் மணித்தியாலத்தில்
ஐந்தாம் இலக்கக் கொம்பியூட்டரால்
நானும் உள்ளே போனேன்.
பெயர் கேட்டது.
விரல் நுனி கறுப்பாய்க் கிடந்தது.
டோனர் என்று அடித்தேன்.
ஆணா பெண்ணா என்றும் கேட்டது,
ஆந்தை முகத்தோடு ஒரு துறவி நின்றான்,
அவனைத் தொட்டேன்.

நூற்றுப் பதினெட்டாம் பக்கம் சதுப்பு நிலம்.
சிவப்பு வழி கோட்டைக்குப் போகும்.
பச்சை வழி நஞ்சு.
எங்கள் மெஷினுக்கு இரண்டும் சாம்பல்.
நீட்டும்போதே எனக்குத் தெரியும்.
வாய் வரவில்லை.
கொப்பி அடிக்கிறவள் பாம்பும் தவளையும் பேசினால்
அடுத்த தரம் வேறு கடைக்குப் போய்விடுவான்.

அன்றிரவு அடைமழை. ஆனாலும் கரண்ட் இருந்தது.
சதுப்பின் முகப்பில்
பட்டியடிப்பிட்டி கிங் என்றொருவன்
பாதி உயிரோடு நின்றான்.
வேறு யாராய் இருக்க முடியும்?
ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்தான்:
மச்சான், இடமா வலமா?

இடம்.

எப்படித் தெரியும்?

சிவப்பு.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை.
பிறகு நடந்தான். பின்னால் ஆந்தை.
வெளியே பிரதான வீதியில் முழங்கால் வெள்ளம்,
ஓட்டோக்காரர் இறங்கித் தள்ளுகிறார்.
உள்ளே சேற்று நிலம் முழுக்க
கால் நனையாமல் கடந்தோம்.
கோட்டை வாசலில்
நன்றி மச்சான் என்றான்.
என்னை ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

மறுகா செவ்வாய்க்கிழமை வந்தான்.
நூற்று இருபத்தாறு.
வழிகள் இந்தத் தரம் மூன்று.
கொப்பி சூட்டோடு வெளியே வந்தது.
கணக்குக் கொப்பிக்குள் கிடந்த சிவப்புப் பேனையை எடுத்து
புத்தகத்தில் உள்ளபடியே
ஒரு கோடு இழுத்தேன்.
வளைவில் கொஞ்சம் பிசகிவிட்டது.

தாளைப் பார்த்தான்.
என் விரல்களைப் பார்த்தான்.
பிறகு, எப்போதும் எழுதியிருப்பதுதான்,
சுவரில் விலைப்பட்டியலை
முழுதாய் ஒருதரம் வாசித்தான்.

"எவ்வளவு ராத்தா?"

"அஞ்சி."

ஏழு வைத்தான்.

"ரெண்டு ரூபா சிவப்புக்கு."

அன்றைய கணக்கில் எழுதினேன்:
போட்டோக்கொப்பி 5.
இதர வரவு 2.
முதலாளி கேட்டால் என்ன சொல்வதென்று
இன்னும் யோசிக்கவில்லை.