பன்னிரண்டாவது கல்

எத்தனை கல்லறை என்று எழுத்தில் கேட்டார்கள்
பக்கத்து நிலத்தில் சுவர் எழுப்ப வந்தவர்கள்.
பெரியப்பா மகன் ரூபன் பத்து என்றான்.
அவன் தங்கை கனடாவிலிருந்து பதினான்கு என்றாள்.
வீட்டு வேதாகமத்தின் கடைசித் தாளில்
நான்கு பேர் கையெழுத்தில் பன்னிரண்டு பெயர்.
எல்.ஐ.சி.யில் இருபத்தாறு வருஷம்
நாமினி பெயரில் எழுத்துப்பிழை பார்த்தவள் நான்.
நோட்டை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

மணப்பாக்கத்தில், ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
ஒன்பது சென்ட்.
சீமைக்கருவேலம் உள்ளே விடவில்லை.
வெட்டுக்கூலிக்கு வந்த இருவரும்
முதல் நாள் முழுக்க முள்ளோடு பேசினார்கள்,
எழுத முடியாத வார்த்தைகளில்.
தலைக்கு மேல் விமானங்கள் சக்கரத்தை இறக்கிப் போயின.
அந்த நேரம் மட்டும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம்.

புதைந்த கல்லைத் தேடக் கண் உதவாது.
கம்பியைக் குத்தினால்
மண் என்றால் இறங்கும்,
செங்கல் என்றால் கொஞ்சம் யோசிக்கும்,
கருங்கல் என்றால் முழங்கை வரை சொல்லிவிடும்.
நாலரை மணிக்கு வெயில் சாய்ந்ததும்
ரூபன் ஒரு சவரக் கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்தான்.
மழுங்கிய கல்லில் ஒரு 'ஞா' எழுந்தது.
அப்புறம் ஒரு 'ன'.
அப்புறம் ஒரு நத்தை.

எழுதினேன்.
ஒன்று: சாலமோன் ஞானமுத்து.
கிழக்கு மூலையிலிருந்து பதினோரு அடி.
நான்கு: பெயர் தேய்ந்தது. ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து, மீதி இல்லை.
ஏழு: ஒரே கல்லில் கணவனும் மனைவியும்.
லீதியாளுக்குப் பிறப்பும் இறப்பும் உண்டு.
தேவவரத்துக்குப் பிறப்பு, ஒரு கோடு, பிறகு வழவழவென்று கல்.
"சித்தப்பா ரெண்டாங் கல்யாணம் பண்ணி ஆவடில படுத்திருக்கார்"
என்றான் ரூபன்.
'காலி' என்று எழுதினேன். அடித்தேன்.
'வரவில்லை' என்று எழுதினேன்.

பதினொன்றோடு தரை தீர்ந்துபோனது.
பன்னிரண்டாவது எப்சிபா, 1934, வயது பத்தொன்பது.
மூலை மூலையாகக் குத்தினோம்.
கம்பி எங்கேயும் யோசிக்கவே இல்லை.

குடிக்கத் தண்ணீர் கேட்டுப் பின்தெருவுக்குப் போனேன்.
அடிபம்பு அருகே ஒருத்தி போர்வை துவைத்துக்கொண்டிருந்தாள்.
பெயர் நாகபூஷணம்.
கல் மூன்றடி நீளம், ஒரு முனை வளைவு.
துவைக்கிற கல்லுக்கு யார் வளைவு செதுக்குவார்கள்?

நான்கு பேர் சேர்ந்து புரட்டினோம்.
மண்புழுக்கள் நாலாபக்கமும் ஓடின.
அடியில் அத்தனை எழுத்தும்
நேற்று வெட்டியது போல.
நிமிர்ந்து நின்ற கற்களை மழை நக்கித் தீர்த்திருந்தது.
குப்புறக் கிடந்தவளுக்கு ஒரு புள்ளி போகவில்லை.

"இன்னாமா எழுதிகீது?"
படித்தேன்.
எப்சிபா. கர்த்தருக்குள் இளைப்பாறுகிறாள்.
"எளப்பார்றான்னா?"
"ரெஸ்ட் எடுக்கறா."
நாகபூஷணம் ஈரக் கையை இடுப்பில் துடைத்தாள்.
"அய்யய்ய. இருவத்திரண்டு வருசமா
நான் எங்கமா உட்டேன்!"

சிரித்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு
கல்லைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்,
சோப்பு போடாமல், கையால்.
பிறகு கேட்டாள்:
"இத்த நீ எத்துனு பூட்டா நான் எதுல தொவைக்கிறது?"

போரூர் கடையில் மிஞ்சிய சமையல்மேடைத் துண்டு ஒன்றை
ரூபன் ஆட்டோவில் ஏற்றி வந்தான்.
எப்சிபாவை ஒன்பது சென்ட்டுக்குள் தூக்கி வந்தோம்.
எங்கே நடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.
லீதியாள் பக்கத்தில் இடம் இருந்தது.
பொய்யாகிவிடும் என்று தோன்றியது.
வாசலருகே சாய்த்து வைத்தோம், வந்து நிற்பவள் மாதிரி.

மொத்தம் பன்னிரண்டு
என்று எண்ணிலும் எழுத்திலும் போட்டுக் கையெழுத்திட்டேன்.
அவள் வரிசையில் இடம் என்ற கட்டத்துக்கு வந்தபோது
ஒரு விமானம் தாழப் போனது. காத்திருந்தேன்.
'உள்ளே' என்று எழுதினேன்.

மறுநாள் ஃபோனில் நாகபூஷணம்:
புதுக் கல் வழுக்குகிறதாம்.