பதினேழு

ஒட்டுசுட்டான் ஆஸ்பத்திரி, கடைசி அறை.
போன இரண்டு கிழமையில்
எத்தனை நாள் நித்திரை குழம்பினது?
"பதினாலும்" என்கிறா பவளராணி.
மூன்று போடுகிறேன்.

சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவீங்களோ?
"திடுக்கிடாட்டி எப்பிடித் தம்பி?"
மூன்று.
களைப்பு, மூன்று.
ஒன்றிலும் மனம் செல்லாமை?
"கச்சான்ல செல்லுது."
அதற்குக் கட்டம் இல்லை. ஒன்று என்று வைக்கிறேன்.

ஒன்பதாவதைக் கேட்கக் குரல் தானாகத் தாழ்கிறது:
செத்தால் நல்லம் எண்டு எப்பவாவது...
வாய்விட்டுச் சிரிக்கிறா.
"பிறகு ஆர் யானைவெடி கொளுத்துறது?"

அப்போதுதான் விளங்குகிறது.
கச்சான் காணி, காட்டோரம், மின்வேலி இல்லை,
பரணில் விடிய விடிய இவவும்
எட்டு வயது இனியவனும் ஒரு தகரமும்.
கூட்டினால் பதினேழு, கடும் வகை.
யானைக்கு எத்தனை புள்ளி கழிப்பது?
அழிறப்பரை எடுக்கிறேன்.

சும்மா, தாளில் இல்லாததை, கேட்டுவிட்டேன்:
யானை வராத இரவுகளில்?

பேசவில்லை.
கைப்பையின் சிப்பைத் திறந்து மூடினா, இரண்டு தரம்.
"அண்டைக்குத்தான்
மற்றச் சத்தங்கள் கேக்கும்."

றப்பர் கையில்.
ஒண்டரை பஸ் போயிருக்குமோ என்று கேட்கிறா.